கடல் ஆளுகை படிக்கப் போகிறேன்: எங்கிருந்து தொடங்குவது?

உவர்நீர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விலங்கியலில் பட்டம் முடித்துவிட்டு, கடல் உணவுகளைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இப்போது கடல் ஆளுகை, கடல்வளங்களின் நிலைத்த பயன்பாடு பற்றிய முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு தொடங்க இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் எதைப் படித்துக்கொண்டு போனால் நல்லது என்று கேட்கத்தான் இந்த இழை.

ஏன் இந்தப் படிப்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு உறைந்த கணவாய் பெட்டி பெட்டியாக வரும். சீட்டில் பிடித்த இடம் என்ற கட்டத்தில் ஒரு எண் மட்டும் இருக்கும்: 51, 57, 41 என்று. ஐநா உணவு வேளாண்மை அமைப்பு உலகக் கடல்களைப் பிரித்து வைத்திருக்கும் எண்கள் அவை. 51 மேற்கு இந்தியப் பெருங்கடல், 57 கிழக்கு இந்தியப் பெருங்கடல், 41 தென்மேற்கு அட்லாண்டிக். கணவாயில் காட்மியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அந்த 41-இல் யார் பிடித்தார்கள், யாரிடம் அனுமதி வாங்கினார்கள், பிடித்தது போகக் கடலில் போதுமான மிச்சம் இருக்கிறதா என்று கேட்டால் ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

சட்டம் எனக்கு முற்றிலும் புதிது. 1982-ஆம் ஆண்டின் ஐநா கடல் சட்ட உடன்படிக்கையைத் தரவிறக்கிப் படிக்கத் தொடங்கினேன். 320 பிரிவுகள், அதற்கு மேல் 9 இணைப்புகள். 7-ஆம் பிரிவில் நேர் அடிக்கோடுகள் பற்றி வரும் இடத்தில் நின்றுவிட்டேன். சட்டத்தை முதலில் முடிக்க வேண்டுமா, கடலியலைப் பிடிக்க வேண்டுமா? புள்ளியியல் எவ்வளவு தேவைப்படும்? இந்தத் துறையில் இருக்கும் மூத்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

---

ஆழியாள் எழுதியது:

தம்பி, வாழ்த்துகள். மீன்பிடிக் கப்பல்களின் அனுமதிப் பத்திரங்களையும் பயணப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. அதனால் நான் சொல்வது அந்தப் பக்கத்திலிருந்து வரும் யோசனை. மற்றவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடன்படிக்கையை 1-ஆம் பிரிவிலிருந்து 320 வரைக்கும் வரிசையாகப் படிக்காதீர்கள். அதை யாரும் அப்படிப் படிப்பதில்லை. ஒரு உயிரினத்தை எடுத்துக்கொண்டு, அது போகிற வழியில் எந்தெந்தப் பிரிவு குறுக்கே வருகிறதோ அதைப் படியுங்கள். உங்களுக்கு அந்த உயிரினத்தைத் தேட வேண்டிய வேலையே இல்லை. 41 என்று எழுதிய கணவாய் கையிலேயே இருக்கிறது.

41-இலிருந்து வரும் கணவாயில் பெரும்பங்கு அர்ஜென்டினா பக்கத்துக் குட்டைத் துடுப்புக் கணவாய். ஏறத்தாழ ஒரே வருட ஆயுள். முட்டையிட்டதும் செத்துவிடும். ஆகவே போன வருடம் எவ்வளவு மிஞ்சியது என்பதுதான் இந்த வருடம் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு அடிப்படை. பல வயது மீன்கள் கலந்து வாழும் இனங்களில் ஒரு மோசமான வருடத்தை மற்ற வருடத்து மீன்கள் தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்க யாரும் இல்லை.

இப்போது உலக மீன்பிடிக் கண்காணிப்பு வரைபடத்தைத் திறந்து பாருங்கள். குளோபல் ஃபிஷிங் வாட்ச் என்று தேடினால் வரும், இலவசம். கப்பல்கள் தாமாக ஒலிபரப்பும் ஏஐஎஸ் சமிக்ஞையை வைத்து அவை எங்கே மீன்பிடிக்கின்றன என்று காட்டும். ஜனவரி முதல் மே வரை தேதியை வைத்துக்கொண்டு அர்ஜென்டினாவின் கிழக்குப் பக்கம் போங்கள். கரையிலிருந்து 200 கடல் மைலில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு வெளியே, கோட்டை ஒட்டியே, நூற்றுக்கணக்கான கப்பல்கள் புள்ளி புள்ளியாக வரிசை கட்டி நிற்பதைப் பார்ப்பீர்கள். கணவாயை ஈர்க்க அவை எரிக்கும் விளக்குகள் இரவில் செயற்கைக்கோள் படத்தில் ஒரு நகரம் போலத் தெரியும். அந்த இடத்துக்கு மைல் 201 என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு உடன்படிக்கையை எடுங்கள். கோட்டுக்கு உள்ளே அர்ஜென்டினாவுக்கு என்ன உரிமை? 56-ஆம் பிரிவு. உள்ளே எவ்வளவு பிடிக்கலாம் என்று யார் தீர்மானிப்பது? 61, 62. கோட்டுக்கு வெளியே நிற்கும் கப்பலுக்கு அங்கே நிற்க உரிமை உண்டா? 87, 116. உண்டு, ஆனால் அந்த 116-ஆம் பிரிவிலேயே நிபந்தனைகள் இருக்கின்றன. அதைத் தொடர்ந்து 117 முதல் 119 வரை வளத்தைக் காக்கும் கடமை வருகிறது. ஒரே கணவாய்க் கூட்டம் உள்ளேயும் வெளியேயும் போய் வந்தால்? 63-ஆம் பிரிவின் இரண்டாவது பத்தி. அதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். சம்பந்தப்பட்ட நாடுகள் உடன்பாடு காண 'முயல வேண்டும்' என்றுதான் அது சொல்கிறது. உடன்பாடு கண்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. மைல் 201-இல் நீங்கள் பார்க்கும் அத்தனை புள்ளிகளும் அந்த ஒரு வினைச்சொல் விட்ட இடைவெளியில் நிற்கின்றன.

சூரை மீனுக்கு, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் மண்டல மேலாண்மை அமைப்புகள் உண்டு. இந்தக் கணவாய்க்கு அந்தக் கடலில் அப்படி ஓர் அமைப்பே கிடையாது. அப்படியானால் கப்பலைக் கட்டுப்படுத்துவது யார்? அதன் கொடி நாடு, அதாவது அது பதிவாகியிருக்கும் நாடு. 91, 94-ஆம் பிரிவுகள். கப்பலுக்கும் கொடிக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்று 91 சொல்கிறது. நடைமுறையில் கப்பல் ஒரு நாட்டில் பதிவாகியிருக்கும், உரிமையாளர் இன்னொரு நாடு, மாலுமிகள் மூன்றாவது நாடு. பெயரையும் கொடியையும் மாற்றிக்கொள்வார்கள். மாறாதது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பெயரில் கப்பலுக்குக் கொடுக்கப்படும் ஏழு இலக்க எண் ஒன்றுதான். கப்பல் உடைக்கப்படும்வரை அதே எண். பத்திரங்களில் நான் முதலில் தேடுவது அதைத்தான். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மற்ற கட்டங்களை இரண்டு தடவை படிப்பேன்.

பிடித்த கணவாயைக் கடலிலேயே குளிர்பதனக் கப்பலுக்கு மாற்றிவிடுவார்கள். பல கப்பல்களின் பிடிப்பு ஒன்றாகக் கலந்து துறைமுகம் போகும். அங்கேதான் அடுத்த கதவு. 2009-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்த துறைமுக நாடுகளின் நடவடிக்கை ஒப்பந்தம், சந்தேகத்துக்குரிய கப்பலைத் துறைமுகத்துக்குள் விடாமல் மறுக்க வழி செய்கிறது. நடுக்கடலில் துரத்துவதைவிட இது எவ்வளவோ சிக்கனமான வழி. அப்புறம் பணம். உலக வணிக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2022-இல் ஏற்கப்பட்டு, 2025 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. எந்த மண்டல அமைப்பின் அதிகாரத்திலும் இல்லாத சர்வதேசக் கடலில் மீன்பிடிக்க மானியம் கொடுக்கக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. உங்கள் 41-க்கு நேராகப் பொருந்தும் விதி அது. ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பார்த்தீர்களா, சட்டம், உயிரியல், செயற்கைக்கோள், வணிகம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. எது முதலில் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: எதையும் தனியாக முதலில் படிக்க வேண்டாம். யார் தீர்மானிக்கிறார்கள், யார் சரிபார்க்க முடியும், தவறு நடந்தால் யார் தலையில் விழுகிறது, இந்த மூன்றையும் ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொண்டே போங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரைபடத்தில் புள்ளி இல்லாத கடல் காலியான கடல் இல்லை. ஏஐஎஸ் கருவி பெரிய கப்பல்களுக்குத்தான் கட்டாயம். சிறு படகுகள் பெரும்பாலும் அதில் தெரியாது. உலகில் மீன்பிடித் தொழில் செய்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிறு படகுக்காரர்கள். அவர்கள் திரையில் இல்லை என்பதால் அறிக்கையிலும் இல்லாமல் போய்விடுகிறார்கள். இதை இப்போதே மனதில் வைத்துக்கொண்டால் நாளைக்கு நீங்கள் எழுதும் எதிலும் அவர்கள் விடுபட மாட்டார்கள்.

---

சார்ட்_மேசை எழுதியது:

ஆழியாள் அம்மா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மீன் மட்டுமே கடல் ஆளுகை என்று தம்பி நினைத்துவிடக் கூடாது. உலக வணிகச் சரக்கில் எடைக் கணக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் கப்பலில்தான் போகிறது. நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருக்கிறேன், வழித்தட வரைபடம் என் பொறுப்பு.

நீங்கள் 7-ஆம் பிரிவில் நின்றதற்குக் காரணம், அதை வரைபடம் இல்லாமல் படித்தது. பெரிய அளவிலான கடல் வரைபடம் ஒன்றை எப்படியாவது பாருங்கள். பழைய காகித வரைபடமாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் ஆழம் எல்லாம் ஒரு பூஜ்ய மட்டத்திலிருந்து அளந்திருப்பார்கள். பல நாடுகள் அதற்கு மிகத் தாழ்ந்த வற்றல் மட்டத்தை எடுத்துக்கொள்கின்றன. அதே தாளில் ஒரு பாலத்தின் அடியில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று போட்டிருக்கும். அது ஏற்ற மட்டத்திலிருந்து அளந்தது. ஒரே தாளில் இரண்டு பூஜ்யங்கள். கப்பல் தரை தட்டாமலும் மேலே இடிக்காமலும் இருக்க இரண்டு பக்கமும் மோசமான நிலையைக் கணக்கில் எடுக்கிறார்கள்.

இப்போது 5-ஆம் பிரிவைப் படியுங்கள். நாட்டின் அடிக்கோடு என்பது, அந்த நாடு அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்ட பெரிய அளவு வரைபடத்தில் குறித்திருக்கும் தாழ்நீர்க் கோடு. 12 மைல் எல்லைக் கடல், 24 மைல் ஒட்டு மண்டலம், 200 மைல் பொருளாதார மண்டலம் எல்லாமே அங்கிருந்துதான் அளக்கப்படுகின்றன. கரை மிகவும் வெட்டுண்டு கிடந்தாலோ, வரிசையாகத் தீவுகள் இருந்தாலோ முனைக்கு முனை நேர்கோடு போட்டுக்கொள்ளலாம் என்று 7 சொல்கிறது. நார்வேயின் கரையைப் பார்த்தால் ஒரே பார்வையில் புரிந்துவிடும். சர்வதேச நீதிமன்றம் 1951-இல் பிரிட்டனுக்கும் நார்வேக்கும் இடையிலான வழக்கில் ஏற்றுக்கொண்ட முறைதான் பிறகு உடன்படிக்கைக்குள் வந்தது. கடல் மட்டம் உயர்ந்து தாழ்நீர்க் கோடு உள்ளே நகர்ந்தால் 200 மைலும் நகருமா என்பது தாழ்வான தீவு நாடுகளுக்கு உயிர்ப் பிரச்சினை. நகராது என்று பசிபிக் தீவு நாடுகளின் மன்றம் 2021-இல் அறிவித்திருக்கிறது.

தூரம் அளக்கவும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், அட்சரேகையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). கவராயத்தை விரித்து வரைபடத்தின் பக்கவாட்டு அளவில்தான் வைக்க வேண்டும், மேலே கீழே இருக்கும் தீர்க்கரேகை அளவில் வைக்கக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவம் நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும். இதைக் கையால் ஒரு தடவை செய்தவர்களுக்கு எல்லைத் தகராறு பற்றிய தீர்ப்புகள் பாதி எளிதாகிவிடும்.

கப்பல் பக்கத்து விதிகளில், கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்பால் உடன்படிக்கையையும் நிலைப்படுத்தும் நீர் உடன்படிக்கையையும் பார்த்து வையுங்கள். சரக்கு இல்லாதபோது கப்பல் தள்ளாடாமல் இருக்கக் கடல்நீரைத் தொட்டிகளில் ஏற்றுவோம். ஒரு துறைமுகத்தில் ஏற்றி இன்னொரு துறைமுகத்தில் இறக்கினால் அந்த நீரோடு அங்கிருந்த லார்வாக்களும் பாசிகளும் வந்து இறங்கிவிடும். அதனால் முன்பு கரையிலிருந்து 200 மைலுக்கு அப்பால், 200 மீட்டராவது ஆழமுள்ள இடத்தில் நீரை மாற்றச் சொன்னார்கள். இப்போது சுத்திகரித்துத்தான் விட வேண்டும். உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டது, நடைமுறைக்கு வந்தது 2017-இல். நடுவில் போன அந்த 13 வருடம் ஏன் என்று தேடிப் பாருங்கள். கருவி தயாராக இருந்ததா, செலவை யார் ஏற்பது, மாதிரியை எப்படி எடுத்துச் சோதிப்பது என்று பாடத்திட்டத்தில் வரும் பாதி விஷயம் அதற்குள் இருக்கிறது.

---

மாதிரிக்கூறு எழுதியது:

புள்ளியியல் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். மீன் இருப்பை மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன்.

உங்களுக்குப் பெரிய கணிதம் வேண்டாம். ஆனால் ஒரு எண்ணைப் பார்த்தால் அது எப்படி வந்தது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். நேர்கோட்டுத் தொடர்புப் போக்கு, நம்பிக்கை இடைவெளி, மாதிரி எடுப்பில் வரும் சாய்வு, இவை போதும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். அதில் ஒரு வரைபடம் போடும் அளவுக்குக் கை பழகிவிட்டால் வகுப்பில் சிரமம் இருக்காது.

ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் கதை. 1968-இல் அந்த வடக்குக் காட் இருப்பிலிருந்து சுமார் 8 லட்சம் டன் பிடித்தார்கள். பெரும்பகுதி தூரத்து நாடுகளின் இழுவலைக் கப்பல்கள் பிடித்தது. 1977-இல் கனடா 200 மைலைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். 1992 ஜூலை 2-ஆம் தேதி அந்த மீன்பிடிப்பையே மூட வேண்டி வந்தது. 30,000 பேருக்கு மேல் வேலை போனது. இரண்டு வருடம் என்று சொல்லி மூடியது முப்பது வருடத்துக்கு மேல் நீண்டு, 2024-இல்தான் விலக்கப்பட்டது.

எப்படி நடந்தது? மதிப்பீட்டில் ஒரு முக்கிய ஆதாரம், இழுவலைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்ற கணக்கு. அது குறையவே இல்லை. காரணம், காட் எண்ணிக்கை குறையக் குறைய, மிஞ்சியவை ஓரிடத்தில் திரண்டன. நவீனக் கருவி வைத்த கப்பல்கள் அந்தத் திரளை நேராகத் தேடிப் போய்ப் பிடித்தன. ஆகவே கடலில் மீன் தீர்ந்துகொண்டிருக்கும்போது கப்பலில் மீன் நிறைந்துகொண்டிருந்தது. கரையோரத்தில் நிலையான பொறிவலை வைத்துக் காத்திருந்த சிறு மீனவர்களுக்கு மீன் வரவில்லை, வந்ததும் சின்னதாக வந்தது. அவர்கள் சொன்னார்கள், உரக்கவே சொன்னார்கள். அவர்கள் சொன்னது வடிவம் பெற்ற தரவாக இல்லை என்பதால் கணக்கில் ஏறவில்லை. எனக்கு இந்தத் துறையில் எதைவிடவும் வலிப்பது இதுதான். தகவல் இருந்தது, சரியான ஆட்களிடம் இருந்தது, அதை வாங்கிக்கொள்ளும் வழியைத்தான் யாரும் வைத்திருக்கவில்லை.

இன்னொன்று. உணவு வேளாண்மை அமைப்பின் 2024 அறிக்கையில், 2021 நிலவரப்படி மதிப்பிடப்பட்ட கடல்மீன் இருப்புகளில் 37.7 விழுக்காடு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை என்று இருக்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு இடத்தில், கரை சேர்ந்த மீனின் எடையில் 76.9 விழுக்காடு நிலைத்த நிலையில் உள்ள இருப்புகளிலிருந்து வந்தது என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. முதலாவதில் பெரிய இருப்பும் சிறிய இருப்பும் ஆளுக்கு ஒன்றாக எண்ணப்படுகின்றன. இரண்டாவதில் பெரிய இருப்புகள் எடையால் முன்னே வருகின்றன. கடலைக் காக்கப் பேசுபவர் முதல் எண்ணை எடுப்பார், தொழிலுக்குப் பேசுபவர் இரண்டாவதை எடுப்பார். நீங்கள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

---

உவர்நீர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மைல் 201-ஐத் திறந்து பார்த்தேன். ஆழியாள் அக்கா சொன்ன மாதிரியே கோட்டை ஒட்டி நிற்கின்றன. 63-ஆம் பிரிவை இப்போது வேறு கண்ணோடு படிக்க முடிகிறது.

இரண்டு சந்தேகம். சர்வதேசக் கடலுக்குப் புதிய ஒப்பந்தம் வந்திருக்கிறதே, ஆழ்கடல் சுரங்கம் பற்றியும் தினமும் செய்தி வருகிறது. இவையெல்லாம் இப்போதே படிக்க வேண்டியவையா, அடிப்படை முடிந்த பிறகா?

அடுத்தது கொஞ்சம் மனம் சார்ந்தது. முயல வேண்டும், ஒத்துழைக்க வேண்டும் என்றே எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. கடலில் நிற்கும் கப்பலை யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. இவ்வளவு படித்துவிட்டு வந்தால் உண்மையில் ஏதாவது மாற முடியுமா?

---

ஆழியாள் எழுதியது:

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் முக்கியம். முடியும். நடந்திருக்கிறது.

பசிபிக்கில் ஏழு தீவு நாடுகள் 1982-இல் நவ்ரு ஒப்பந்தம் என்று ஒன்று போட்டுக்கொண்டன. கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள், பப்புவா நியூ கினி முதலியவை. துவாலு பிறகு எட்டாவதாகச் சேர்ந்தது. பல நாடுகளில் நிலம் கொஞ்சம், கடல் மிகப் பெரிது. உலகின் வரிச்சூரையில் பெரும்பங்கு அவர்களின் நீரில்தான் கிடைக்கிறது. தனித்தனியாகப் பேரம் பேசியபோது தூரத்து நாட்டுக் கப்பல் கம்பெனிகள் ஒருவரை ஒருவருக்கு எதிராக நிறுத்தி விலையைக் குறைத்தன. பிறகு எட்டுப் பேரும் சேர்ந்து முறையை மாற்றினார்கள். மீனை விற்கவில்லை, மீன்பிடிக்கும் நாட்களை விற்றார்கள். வருடத்துக்கு மொத்தம் இத்தனை கப்பல் நாட்கள் என்று வரம்பு, ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச விலை, சுருக்குமடிக் கப்பலில் கண்காணிப்பாளர் ஏற வேண்டும். எங்கள் நீரில் அனுமதி வேண்டுமானால் நடுவில் இருக்கும் சர்வதேசக் கடல் துண்டுகளில் மீன்பிடிக்கக் கூடாது என்றும் நிபந்தனை போட்டார்கள். 200 மைலுக்கு வெளியே அதிகாரம் இல்லாதவர்கள், உள்ளே இருக்கும் அதிகாரத்தை வைத்து வெளியேயும் கட்டுப்படுத்தினார்கள். வருமானம் பல மடங்கு கூடியது. வரிச்சூரை இருப்பும் அங்கே நல்ல நிலையில் இருக்கிறது. இதைச் செய்தவர்கள் சட்டமும் மீன்வளமும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பிய அதிகாரிகள். படிப்பு எங்கே உதவும் என்று கேட்டால் நான் அவர்களைக் காட்டுவேன்.

இன்னொரு உதாரணமும் தேவை, ஏனென்றால் விதிகள் கப்பலை மட்டும் பார்ப்பதில்லை, கப்பலில் இருக்கும் ஆளையும் பார்க்கின்றன. 73-ஆம் பிரிவைப் படியுங்கள். பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறியதாகப் பிடிபட்ட படகையும் ஆட்களையும், நியாயமான பிணைத்தொகை கட்டினால் உடனே விட வேண்டும். சம்பந்தப்பட்ட நாடுகள் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர சிறைத்தண்டனை கூடாது, உடல்ரீதியான தண்டனை கூடவே கூடாது. விடவில்லை என்றால் 292-ஆம் பிரிவின்படி ஹாம்பர்க்கில் இருக்கும் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1997-இல் அந்தத் தீர்ப்பாயத்துக்கு வந்த முதல் வழக்கே சைகா என்ற கப்பலை விடுவிக்கக் கேட்டு வந்ததுதான். இந்தப் பாதுகாப்பு பொருளாதார மண்டலத்துக்கு. 12 மைல் எல்லைக் கடலுக்குள் இதே பிரிவைக் காட்ட முடியாது. மீனவர்களுக்காகப் பேசப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக வைத்திருக்க வேண்டும்.

இப்போது முதல் சந்தேகம். புதியவற்றை இப்போதே படியுங்கள். சர்வதேசக் கடலின் உயிரினப் பன்மை ஒப்பந்தம் 2023 ஜூனில் ஏற்கப்பட்டது. 2025 செப்டம்பரில் 60 நாடுகள் உறுதிப்படுத்தியதும் 120 நாள் கணக்கு ஓடி, 2026 ஜனவரி 17-இல் நடைமுறைக்கு வந்தது. சர்வதேசக் கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிக்க ஒரு வழி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, கடல் உயிரினங்களின் மரபணு வளத்திலிருந்து வரும் பயனைப் பகிர்வது, வளரும் நாடுகளுக்குத் திறனும் தொழில்நுட்பமும் என்று நான்கு தூண்கள். இது மீன்பிடி ஒப்பந்தம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் மண்டல அமைப்புகளைக் குலைக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வாசகத்தை ஒவ்வொருவரும் எப்படி வளைப்பார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் படிக்கப் போகிறீர்கள். உங்களுக்கு முன் படித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சுரங்கத்துக்கு உடன்படிக்கையின் 11-ஆம் பகுதி. 1967 நவம்பர் 1-இல் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ ஐநாவில் பேசிய பேச்சிலிருந்து தொடங்குங்கள். நாடுகளின் எல்லைக்கு அப்பால் இருக்கும் கடலடி மனிதகுலத்தின் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும் என்றார். அதுதான் 136-ஆம் பிரிவாக வந்தது. அதை நிர்வகிக்க ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சர்வதேசக் கடலடி ஆணையம் இருக்கிறது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவில் நான்கு ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் உலோக முடிச்சுகள்தான் இப்போதைய இழுபறி. உருளைக்கிழங்கு அளவு முடிச்சு ஒன்று உருவாகப் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும்; பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கிறது. 1989-இல் பெரு நாட்டுப் பக்கத்து ஆழ்கடலில் சோதனைக்காகக் கடலடியை உழுது பார்த்தார்கள். 2015-இல் திரும்பப் போய்ப் பார்த்தபோது உழுத தடம் அப்படியே இருந்தது. அங்கே வண்டல் அவ்வளவு மெதுவாகச் சேர்கிறது. வணிகச் சுரங்கத்தை அனுமதிக்கலாமா என்று முடிவெடுக்கும் எவரும் அந்தப் படங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின் படியுங்கள். கிங்ஸ்டன் கூட்டம், ஐநா கூட்டம் எல்லாவற்றுக்கும் அன்றன்று யார் என்ன சொன்னார்கள் என்று சுருக்கமாகப் போடுவார்கள், இலவசம். ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அது மீன் மானியத்தில் என்ன சொன்னது, சுரங்கத்தில் என்ன சொன்னது, பாதுகாக்கப்பட்ட பகுதியில் என்ன சொன்னது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூன்றிலும் ஒரே நிலைப்பாடு இருக்காது. ஏன் இல்லை என்று விளக்க முடிந்தால் வகுப்பில் முதல் பருவத்துக் கட்டுரைக்கு உங்களிடம் விஷயம் இருக்கும்.

படிப்பு முடிந்த பிறகு ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க நினைவு ஆய்வுநல்கையையும் பார்த்து வையுங்கள். கடல் சட்ட மாநாட்டுக்குத் தலைமை வகித்து, உடன்படிக்கை முடிவதற்குள் 1980-இல் மறைந்த இலங்கைத் தூதரின் பெயரில் ஐநா வைத்திருப்பது. வேறு சந்தேகம் இருந்தால் இந்த இழையிலேயே கேளுங்கள் தம்பி. சார்ட்_மேசை, நிலைப்படுத்தும் நீர் மாதிரி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதினால் எனக்கும் உபயோகப்படும்.